எல்லைக்கல்லும் திராட்சை பன்னும்

"செத்தவனை எங்கே போட்டா என்ன பாஸ்? ஜன்னலோர சீட்டா கேட்கப் போறான்?"

டென்ஸில் மெதுவாகத்தான் கேட்டான். ஆனாலும் ஊர்வலத்தில் முன்னால் போன இரண்டு தொப்பிகள் திரும்பி முறைத்தன. ஹெஸ்டர் ஸ்ட்ரூட் தன் கையிலிருந்த வில்லோ மரக் குச்சியால் அவன் கணுக்காலில் ஒரு தட்டு தட்டினாள்.

"வாயை மூடிட்டு நட. இந்த ஊர்ல அந்த சீட்டுக்குத்தான் அடிதடியே."

டென்ஸிலுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வாய்த்துடுக்கு மட்டும் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டது. அந்த வாயால்தான் பஸ் டிரைவர் வேலை போய், ஹெஸ்டரின் துப்பறியும் ஆபீசில் வந்து விழுந்தான். அவளும் எத்தனையோ தடவை அவனைத் துரத்தப் பார்த்தாள். போகிற மாதிரி தெரியவில்லை என்றதும் சம்பளம் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்று இருவரும் மேல் விட்லிங் கிராமத்து எல்லை நடையில் கலந்துகொண்டிருந்தார்கள். வசந்தத்தில், பயிர் பச்சைக்காக ஜெபம் பண்ணுகிற ஞாயிற்றுக்கிழமையில், சிலுவையைத் தூக்கிக்கொண்டு சபையார் எல்லாரும் திருச்சபை எல்லையைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் நின்று பாதிரியார் ஜெபம் பண்ணுவார், ஜனங்கள் குச்சியால் கல்லை அடிப்பார்கள், அப்புறம் தின்பார்கள். ஜெபம் சுருக்கம், தீனி விஸ்தாரம். நாய்கள் கூட ஜெபத்துக்கு வருவதில்லை, நேரே தீனிக்குத்தான் வந்து சேரும்.

விஷயம் இதுதான். மேல் விட்லிங் கல்லறைத் தோட்டத்தில் இனி ஒரே ஒரு குழிக்குத்தான் இடம். பெரிய யூ மரத்தடியில், தெற்குப் பார்த்த இடம். அதை ஒட்டினாற்போல், போன செப்டம்பரில் புதைக்கப்பட்ட ஐவி டில்லியின் கல்லறை. அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் டில்லிக்கு அந்த இடம் வேண்டும். கீழே பாறை என்பதால் ஒரே குழியில் இரண்டு பேரைப் போடவும் வழி கிடையாது.

திருச்சபை எல்லைக்குள் குடியிருப்பவனுக்கு அங்கே புதைபட உரிமை உண்டு. வெளியே இருப்பவன் கமிட்டியின் தயவைக் கேட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். ஐவி போன துக்கத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு குளிர்காலம் முழுக்கத் தங்கச்சி வீட்டில் இருந்துவிட்டு ஈஸ்டருக்குத்தான் வீடு திரும்பினார் டில்லி. வந்து பார்த்தால் அவர் வீடு திருச்சபைக்கு வெளியே போயிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த எல்லைக்கல், வாசலுக்கு முன்னால், சாக்கடையோரம் உட்கார்ந்திருந்தது. அதாவது டில்லி இப்போது கீழ் விட்லிங்காரர். மேல் விட்லிங்கில் ஒருவனைத் திட்ட அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது.

"கல்லு பின்னாடிதாம்மா இருந்துச்சு," என்று வியாழக்கிழமை ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து சொன்னார் அவர். தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். "நான் சொன்னா, உனக்கு இடம் வேணும்னு சொல்றேங்கிறாங்க. அடுத்த வசந்தம் பார்ப்பேனான்னு டாக்டரே சந்தேகப்படுறாரு. என் ஐவி பக்கத்துல என்னைப் போடணும்மா. அவ தனியா இருந்து பழக்கமில்லாதவ."

டென்ஸில் அன்றைக்கு மட்டும் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

"மேப்ல பார்க்கலாமே பெரியவரே?" என்று மட்டும் கேட்டான்.

"பார்த்தாச்சு தம்பி. மேப்ல கோடு என் கூரை மேலயே போகுது. 'கல் வரைக்கும்'னு எழுதியிருக்கு. கல்லு எங்கேயோ அங்கேதானாம் எல்லை."

ஞாயிறு நடை முடிந்து தேநீரோடு கமிட்டி கூடும், அங்கே குழி யாருக்கு என்று முடிவாகும். அதற்குள் கல்லை நகர்த்தியது யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

டென்ஸிலைக் கேட்டால் கண்டுபிடிக்கவே வேண்டாம், ஆள் முன்னாலேயே மீசையை முறுக்கிக்கொண்டு போகிறார். மேஜர் ஃபாக்ஸ்லி. ரிட்டயரான ராணுவம், சபையின் வார்டன், சொந்த டிராக்டர். அந்தக் குழியைக் கேட்டு மனு போட்டிருக்கிற இன்னொரு ஆள் அவர்தான். கல் வாசலுக்கு முன்னால் இருப்பதைக் கமிட்டிக்கு முதலில் சொன்னவரும் அவரே.

"பாஸ், காரணம் இருக்கு, டிராக்டர் இருக்கு, மீசையும் இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"மூளை வேணும். தானே கல்லை நகர்த்திட்டு, தானே போய் 'அங்கே பாருங்க'ன்னு கத்துவானா ஒருத்தன்?"

"ராணுவத்துல இருந்தவரு பாஸ். செய்வாரு."

காலையில் யூ மரத்தடியைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். காலியாக இருந்த அந்த இடத்தில் நீலமணிப்பூக்கள் வரிசையாய்ப் பூத்திருந்தன. நடுவில் ஒரு ரோஜாச்செடி, கால்மாட்டில் லாவெண்டர். "ஆள் குடிவரதுக்கு முன்னாடியே தோட்டம் போட்டுட்டாங்க," என்றான் டென்ஸில். பூக்கழகத்தின் வேலையாக இருக்கும் என்று பாதிரியார் ஃபெல் சொன்னார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற இளைஞர் அவர். நல்ல மனுஷன், ஆனால் கழுத்தைத் தவிர வேறு எலும்பு வேலை செய்து டென்ஸில் பார்க்கவில்லை.

இரண்டாவது கல் காட்டோரத்தில் இருந்தது. ஜெபம் முடிந்து வெள்ளரி சாண்ட்விச் வெளியே வந்தது. காட்டுக்குள் தரையே தெரியாத அளவுக்கு நீலமணிப்பூ. டென்ஸில் ஒன்றைப் பறிக்கக் குனிந்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு அதட்டல்.

"தம்பி! கையை எடுங்க!"

மிஸஸ் பெதிக். பூக்கழகத் தலைவி, சபைக் கமிட்டி உறுப்பினர், சர்ச்சில் எந்த ஜாடியில் எந்தப் பூ என்பதை முடிவு செய்கிறவர். ஆண்டவருக்கே அதில் அபிப்பிராயம் சொல்ல இடமில்லை. அறுபது வயது, கைப்பிடி அகலத்துக்கு மணிக்கட்டு.

"தெரியாம..." என்றான் டென்ஸில்.

"என்ன தெரியாம? இது சுத்தமான இங்கிலீஷ் நீலமணி. எப்படித் தலையைக் குனிஞ்சு, ஒரே பக்கமா, அடக்கமா நிக்குது பாருங்க. மோந்து பாருங்க. வாசனை வருதா? ஸ்பெயின்காரி இருக்காளே, அவ நிமிர்ந்து நிப்பா. நாலு பக்கமும் பல்லைக் காட்டுவா. மணம் கிணம் ஒண்ணும் கிடையாது. உள்ளே விட்டா நம்ம பூவோட கலந்து வம்சத்தையே கெடுத்துடுவா."

"ஐயையோ. போலீஸ்ல சொல்லலாமே?"

கிண்டல் என்பது அந்த அம்மாளுக்கு உறைக்கவில்லை. "நானே பார்த்துக்கிட்டேன் தம்பி. இந்த ஊர்ல ஒரு ஸ்பெயின்காரி கிடையாது. கடைசியா ஐவி டில்லி தோட்டத்துலதான் இருந்துச்சு. போன வசந்தத்துல நானே மண்வெட்டியோட போய் அத்தனையையும் கிழங்கோட தோண்டியெடுத்துட்டேன். அவ அழுதா, பாவம். நல்லது செய்யும்போது அதையெல்லாம் பார்க்க முடியுமா?"

"தோண்டினதை என்னம்மா பண்ணீங்க?" ஹெஸ்டர் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"எரிச்சேன். வேற என்ன பண்ண? நான் ஒரு வேலையை எடுத்தா அரைகுறையா விடமாட்டேன். என் வீட்டுப் பாறைத் தோட்டத்தை வந்து பாருங்க. ஒவ்வொரு கல்லும் இடுப்பு ஒசரம். ரெண்டு பலகை, ஒரு தள்ளுவண்டி, என் ரெண்டு கை. ஒரு ஆம்பளை துணைக்கு வரல."

"வந்திருந்தா கல்லோட சேர்த்து அவனையும் நட்டிருப்பீங்க," என்றான் டென்ஸில். அதை மட்டும் அந்த அம்மாள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது கல். டில்லியின் வீட்டு வாசலுக்கு முன்னால், சாக்கடையோரம், முழங்கால் உயரத்தில், ஒரு பாவமும் அறியாத கல் மாதிரி நின்றது. மேஜர் அதன் மேல் ஒரு காலை வைத்தார்.

"இதோ கல்! இதுவரைக்கும் நம்ம சபை. இதுக்கு அந்தப் பக்கம் கீழ் விட்லிங்!"

அந்தப் பக்கம் என்றால் டில்லி. அவர் தன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இத்தனை வருஷம் தன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியவர்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். ஒருத்தருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. எல்லாரும் குனிந்து கல்லை அடித்தார்கள். கொஞ்சம் பலமாகவே அடித்தார்கள்.

அடித்து முடிந்த பிறகும் கூட்டம் நகரவில்லை. ஏதோ வரவேண்டியது வராத மாதிரி இங்கும் அங்கும் பார்த்தார்கள். டென்ஸிலுக்குப் பக்கத்தில் நின்ற பருத்த மனுஷர், பாடகர் குழுவின் மிஸ்டர் நட்லி, நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்ன சார் பெருமூச்சு? செத்தவங்களை நினைச்சா?"

"பன்னை நினைச்சு," என்றார் நட்லி. ஒளிவு மறைவு இல்லாத ஆள். "ஐவி இருந்தவரைக்கும் இந்தக் கல்லுக்கு வந்தா திராட்சை பன். அடுப்புல இருந்து எடுத்த சூட்டோட கொடுக்கும். உள்ளே வெண்ணெய் உருகி வழியும். போன வருஷம் கூட மூணு தின்னேன்."

டென்ஸிலின் காது நிமிர்ந்தது. தீனி விஷயத்தில் அவன் விசாரணையில் குறை இருக்காது. "சூட்டோடயா? வீட்டுக்குள்ளேருந்து தட்டுல தூக்கிட்டு வருவாங்களா?"

"தட்டாவது! சமையலறை ஜன்னல் வழியா நேரா கையில நீட்டும். நான் ஆப்பிள் சைடர் டம்ளரைக் கல்லு மேல வெச்சுட்டு, அப்படியே எட்டி வாங்குவேன். வாங்கிட்டுத் திரும்பவும் டம்ளரை எடுப்பேன். ஒரு அடி நகர வேண்டாம். அது ஒரு காலம்ப்பா."

டென்ஸில் மெல்லத் தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தான். முன்பக்கம் ஒரு கதவு. ஒரு சின்ன படுக்கையறை ஜன்னல். அதற்கும் சாக்கடைக்கும் நடுவே முழுசாய் ஒரு முட்டைக்கோஸ் பாத்தி.

"சார், அந்த சமையலறை எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்தான். ஏன்?"

"கல்லு மேல டம்ளர், ஜன்னல்ல கை. அப்போ கல்லு எந்தப் பக்கம்?"

நட்லி வாயைத் திறந்தார். மூடினார். சிவந்த முகம் கொஞ்சம் வெளுத்தது. "நான் பன்னைத்தான் பார்த்தேன். கல்லை யாரு பார்த்தா?"

"இதையே கமிட்டியில சொல்லுங்க சார்."

"மேஜர் எதிரேயா? பாட்டுக்குழுவுல என்னை வெச்சிருக்கிறதே மேஜர் தயவுலதான். என் குரல் இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லே." நட்லி நழுவிப் போய்க் கூட்டத்தின் நடுவில் புகுந்துகொண்டார். வருஷத்துக்கு மூன்று பன் தின்றதற்கு அவ்வளவுதான் நன்றி.

கூட்டம் பாடிக்கொண்டே நான்காவது கல்லுக்குக் கிளம்பியது. ஹெஸ்டரும் டென்ஸிலும் வேலியோரமாக வீட்டின் பின்பக்கம் போனார்கள். டில்லியும் பின்னாலேயே வந்தார்.

"நானும் தேடினேன்மா. கல்லைப் பிடுங்கியிருந்தா குழி இருக்கணுமில்ல? ஒரு குழியும் இல்லே. கண்ணுல புரை வேற. பூவாத்தான் பூத்திருக்கு."

சமையலறை ஜன்னல். அதற்கு வெளியே, கை எட்டும் தூரத்தில், வேலியில் ஒரு சின்ன இடைவெளி. டென்ஸில் ஜன்னலோரம் நின்று, இல்லாத பன் ஒன்றை எட்டி வாங்கி, இல்லாத டம்ளரைக் கல்லின் மேல் வைத்துக் காட்டினான். டம்ளர் போய் உட்கார்ந்த இடத்தில் நீலமணிப்பூ ஒரு கொத்து. நெருக்கமாய், வட்டமாய், பாத்தி கட்டினாற்போல்.

"குழி இல்லே பாஸ். பூதான்."

"குழியேதான் டென்ஸில். மேல பூ இருக்கு." ஹெஸ்டர் மண்டியிட்டாள். மோந்து பார்த்தாள். "நீ மோந்து பாரு."

"ஒண்ணும் வரலையே. எனக்குச் சளியா?"

"சளி இல்லே. எப்படி நிக்குது பாரு."

டென்ஸில் பார்த்தான். நிமிர்ந்து நின்றது. நாலு பக்கமும் பல்லைக் காட்டியது.

"அடக் கடவுளே! ஸ்பெயின்காரி!"

"ஐவி தோட்டத்துல இருந்தது எல்லாம் எங்கேய்யா இருந்துச்சு?" என்று ஹெஸ்டர் டில்லியிடம் கேட்டாள்.

"முன்னாடி, பாதையோரம். இங்கே பின்னாடி ஒண்ணு கூட நடல." டில்லி குனிந்து ஒரு பூவைத் தொட்டார். புரை விழுந்த கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஐவியோடதா இது? எரிச்சுட்டேன்னாங்களே?" ஹெஸ்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டென்ஸில் மறுபக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான். "பாஸ், டிராக்டர் தடம் ஒண்ணும் இல்லே. மேஜர் கேஸ் வீக்காகுது," என்றான்.

"உன் சமையலறை விசாரணைக்கு அப்புறமும் மேஜரா? ஐயா, உங்ககிட்ட ஜாம் பாட்டில் ஏதாவது காலியா இருக்குமா?"

சர்ச் ஹாலில் தேநீர் கொதித்து ஆறி மறுபடி கொதித்திருந்தது. நீளமான மேஜையில் பாதிரியார், மேஜர், மிஸஸ் பெதிக், நட்லி. சுற்றி மற்ற சபையார், மடியில் கேக் தட்டோடு. யாருடைய குழி என்பது அவர்களுக்குக் கேக்குக்குத் தொட்டுக்கொள்ள ஒரு விஷயம். டில்லி கதவோரம் நின்றார். எல்லைக்கு வெளியே உள்ளவர் என்பதால் நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

"அப்போ, எல்லாரும் சம்மதம்னா..." என்று பாதிரியார் ஆரம்பித்தார்.

ஹெஸ்டர் எழுந்து வந்து மேஜை நடுவில் ஜாம் பாட்டிலை வைத்தாள். அதில் ஒரு கொத்து நீலமணிப்பூ. "மேஜை வெறிச்சுன்னு இருந்துச்சு. அதான்."

மிஸஸ் பெதிக்கின் கப் சாஸரில் இடித்தது.

"இது யாரு கொண்டாந்தது? இந்த ஹாலுக்குள்ளே? ஸ்பெயின்காரி!" அந்த அம்மாள் எழுந்தே விட்டார். "தண்டைப் பாருங்க! வாசனை இல்லே பாருங்க!"

"நிச்சயமா ஸ்பெயின்தானாம்மா? இங்கிலீஷா இருக்கப்போவுது," என்றாள் ஹெஸ்டர்.

"என்கிட்டயா? முப்பது வருஷமா பூ பார்க்கிறவ நான்! எங்கே பறிச்சீங்க இதை?"

"நீங்கதான் ஊர்ல ஒண்ணு கூட இல்லேன்னு சொன்னீங்களே. ஐவி தோட்டத்துல இருந்ததுதான் கடைசின்னும் சொன்னீங்க."

"ஆமா. நானே தோண்டினேன். யாரு கையிலயும் ஒரு கிழங்கு கொடுக்கல. எரிச்சேன்."

"எரிச்ச கிழங்கு டில்லி வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே பூத்திருக்கும்மா. வட்டமா. ஒரு எல்லைக்கல் அளவுக்கு."

ஹாலில் மெல்லுகிற சத்தம் நின்றது. மேல் விட்லிங்கில் அது சாமானியமாய் நிற்காது.

"மிஸ்டர் நட்லி," என்று டென்ஸில் அன்பாகக் கூப்பிட்டான், "சைடர் டம்ளரை எங்கே வெச்சீங்க, பன்னை எங்கேருந்து வாங்கினீங்க? சொல்லிட்டீங்கன்னா நானும் நிம்மதியா கேக் சாப்பிடுவேன்."

நட்லி மேஜரைப் பார்த்தார். கதவோரம் நின்ற டில்லியைப் பார்த்தார். அப்புறம் தன் தட்டைப் பார்த்து, தட்டிடமே சொன்னார். "கல்லு மேல வெச்சேன். ஜன்னல்ல வாங்கினேன். கல்லு... கல்லு பின்னாடிதான் இருந்துச்சு."

"நானும் அப்படித்தான் வாங்கினேன்," என்றது ஒரு குரல். "எனக்கும் ஜன்னல்லதான்," என்றது இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க ஜன்னலில் வாங்கியவர்கள். நேற்று வரை இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று டென்ஸிலுக்குக் கேட்கத் தோன்றியது. ஹெஸ்டர் அவன் காலை மிதித்தாள்.

மேஜர் எழுந்தார். மீசை துடித்தது. "என்னைச் சொல்றீங்களா மேடம்? அந்த இடத்தைக் கேட்டது நான்தான். ஆனா கல்லைத் தொட்டது நான் இல்லே!"

"தெரியும் மேஜர். உங்க தோட்டத்துல புல்லைத் தவிர ஒண்ணும் முளைக்கலேன்னு ஊரே சொல்லுது. யூ மரத்தடியில ரோஜாவும் லாவெண்டரும் நட்டது யாரு? அந்த இடத்தை யாருக்காகக் கேட்டீங்க?"

மேஜரின் முகம் சிவந்தது, காது சிவந்தது, வழுக்கையும் சிவந்தது. போர்க்களத்தில் எப்படியோ, இங்கே அவர் சரணடைந்துவிட்டார். "மாரியல் சொன்னா... நான் கேட்டா கமிட்டி மறுக்காதுன்னு. எனக்குக் கிடைச்சதும் அவளுக்கு விட்டுக்கொடுக்கிறதுன்னு பேச்சு. கல்லு முன்னாடி இருக்கு, போய்ப் பாருங்கன்னு சொன்னதும் அவதான். நான் ஒரு... அவ செய்யற ஆப்பிள் பை ரொம்ப நல்லாருக்கும்."

எல்லார் தலையும் மாரியல் பெதிக் பக்கம் திரும்பியது.

அந்த அம்மாள் உட்கார்ந்தார். ஜாம் பாட்டிலை உற்றுப் பார்த்தார். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எரிச்சல்தான் தெரிந்தது, அதுவும் தன் மேல்.

"தெற்குப் பார்த்த இடம்," என்றார். "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில். இந்த சர்ச்சுக்கு முப்பது வருஷம் பூ வெச்சவ நான். அந்த மண்ணுல என்ன வரும்னு எனக்குத்தான் தெரியும். டில்லிக்கு அங்கே என்ன வேலை? புல்லுதான் முளைக்க விடுவாரு."

"கல்லை எடுத்தீங்க, சரி," என்றான் டென்ஸில். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. "மண்ணைத் தள்ளி மூடிட்டுப் பேசாம வந்திருந்தா எவனும் கண்டுபிடிச்சிருக்க முடியாதே. பூவை எதுக்கும்மா நட்டீங்க?"

மிஸஸ் பெதிக் அவனை ஒரு மடையனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வெறும் மண்ணா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

ஹாலில் இருந்த பெண்கள் பாதிப்பேர், தங்களையறியாமல், அது நியாயம்தான் என்பது போலத் தலையசைத்தார்கள்.

"நல்ல கிழங்கெல்லாம் யூ மரத்தடிக்குப் போயிடுச்சு," என்றாள் ஹெஸ்டர். "கைவசம் மிச்சம் இருந்தது ஐவியோடது. அதை எரிக்கவும் உங்களுக்கு மனசு வரல."

"உயிருள்ள கிழங்கை எப்படி எரிக்க?" என்றார் மிஸஸ் பெதிக். முதல் தடவையாகக் குரல் தாழ்ந்தது. "அது ஸ்பெயினா இருந்தாத்தான் என்ன?"

பாதிரியார் மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டு, ஆம்ப்ரோஸ் டில்லி இந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர், யூ மரத்தடி இடம் அவருடையது என்று சொன்னார். யாரும் தலையாட்டுவதற்கு முன்பே தானாகச் சொன்னார். டென்ஸில் கை தட்டிவிட்டான்.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா மிஸ்டர் டில்லி?" என்றார் பாதிரியார்.

டில்லி தொப்பியைத் திருகினார். "ஒண்ணே ஒண்ணுதான். என் இடத்துல நட்டிருக்கிற அந்த நல்ல சாதிப் பூவையெல்லாம் எடுத்துக்கச் சொல்லுங்க. என் ஐவியோடதை அங்கே நடணும். பெதிக்கம்மா கையாலயே நடட்டும். அவங்க நட்டா பிடிச்சுக்கும்."

மிஸஸ் பெதிக் தலை நிமிராமல் சரி என்றார்.

அன்று மாலையே கல் திரும்பிப் போனது. மேஜரின் டிராக்டரில்தான் போனது. மேஜர் ஓட்டினார், யாரிடமும் பேசவில்லை. சபையார் எல்லாரும் சிலுவையோடு டில்லி வீட்டுப் பின்பக்கம் கூடினார்கள். பூக்கொத்தைப் பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றினார்கள், கல்லைப் பழைய குழியில் இறக்கினார்கள், மண்ணை மிதித்தார்கள். பாதிரியார் ஜெபம் பண்ணினார். எல்லாரும் குச்சியால் கல்லை அடித்தார்கள். இந்தத் தடவை மெதுவாக அடித்தார்கள்.

அப்புறமும் ஒருத்தர் நகரவில்லை.

டென்ஸில் சுற்றிப் பார்த்தான். மேஜர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்லி கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ சைடர் பாட்டிலைத் திறந்து கல்லின் மேல் வைத்தார். மெல்ல மெல்ல, கூட்டம் முழுவதும் சமையலறை ஜன்னலைப் பார்த்துத் திரும்பியது.

"பாஸ்," என்றான் டென்ஸில் தாழ்ந்த குரலில், "இவங்க எதுக்கு நிக்கிறாங்கன்னு புரியுதா?"

"புரியுது."

"வெட்கமே கிடையாதா?"

ஜன்னல் திறந்தது. வெண்ணெய் மணம் வெளியே வந்தது. ஐவியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு டில்லி நின்றார், மூக்கில் மாவு. கையில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு பன், கொஞ்சம் கருகி, ஒரு பக்கம் சாய்ந்து.

"முதல் தடவையா சுட்டேன்," என்றார். "ரெண்டுதான் உருப்படியா வந்துச்சு."

நட்லி கையை நீட்டினார். டில்லி அந்தக் கையைத் தாண்டித் தட்டை நீட்டினார். ஒன்றை ஹெஸ்டர் எடுத்துக்கொண்டாள், இன்னொன்றை டென்ஸில்.

"எங்களுக்கு?" என்றார் நட்லி. குரல் உண்மையிலேயே முன்ன மாதிரி இல்லை.

டில்லி அவரைப் பார்த்தார், மேஜரைப் பார்த்தார், கல்லைச் சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்தார். கோபமாக இல்லை. புரை விழுந்த கண்ணால் நிதானமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நீங்க எல்லாரும் எல்லைக்கு உள்ளே இருக்கிறவங்க," என்றார். "இவங்க ரெண்டு பேருதான் வெளியூரு. வெளியே நிக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும்."

ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.